கொல்லுப் பட்டறையும் திருவாதிரையும்

கிருஷ்ணகிரி,
தை மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாமரத்தில் இந்த முறை பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. பனிதான் கூடுதல், ஒரு தடவை மருந்து அடித்தாயிற்று. முழங்கால் வலி அப்படியேதான், அதை விடு.

"திருவாதிரை நட்சத்திரம் இன்னும் வெடிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறாய். 2019 கடைசியில் அது மங்கியபோது ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டு என்னை மாடிக்கு ஏற்றியவன் நீதானே! அது கக்கிய தூசியே அதை மறைத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டு கூட ஆகலாமாம். நீயும் நானும் காத்திருக்க முடியாது.

போன வாரம் அரிவாள் தட்டக் கொல்லுப் பட்டறைக்குப் போனேன். துருத்தி போய் மோட்டார் வந்துவிட்டது, மற்றபடி மாற்றமில்லை. உலையில் இரும்பு முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள். இன்னும் விட்டால் வெள்ளையாகிப் பொறி தெறிக்கும். ஆசாரி எந்த மீட்டரையும் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்த்துத்தான் சம்மட்டியைத் தூக்குகிறார்.

அன்று இரவு மாடியில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். திருவாதிரை சிவப்பு, மேற்பரப்பில் 3,000 டிகிரிக்குச் சற்று மேல். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரைஜெல் என்ற நட்சத்திரம் நீலம் கலந்த வெள்ளை, 11,000 டிகிரிக்கு மேல். நம் சூரியன் நடுவில், 5,500. குளியலறைக் குழாயில் சிவப்பு வெந்நீர், நீலம் பச்சைத்தண்ணீர். வானத்தில் எல்லாம் தலைகீழ்!

அந்த மூன்றுக்குக் கீழே புகை மாதிரி ஒரு திட்டு தெரியும், பார்த்திருப்பாய். 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் வாயு மேகம் அது. மேகம் தன் எடையிலேயே சுருங்கச் சுருங்க நடுவில் சூடேறி, ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும். அதுதான் நட்சத்திரம் பிறப்பது. பிறகு ஆயுள் முழுக்க இழுபறிதான். எடை உள்ளே அமுக்கும், சூடு வெளியே தள்ளும்.

பெரியது நீண்ட நாள் வாழும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சூரியனுக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு, 460 கோடி கழிந்துவிட்டது. திருவாதிரை அதைப்போல பதினைந்து மடங்குக்குக் குறையாத எடையோடு பிறந்தது. ஒரு கோடி ஆண்டுக்குள்ளேயே கிழடாகிவிட்டது. பெரிய வீட்டுச் செலவு அப்படி.

சூரியன் சாவது அமைதியான சாவு. ஊதிச் சிவந்து, மேல்தோலை உதிர்த்து, பூமியளவு வெள்ளைக் கங்காக ஆறிப்போகும். அந்தக் கங்கு சூரியனைப்போல 1.4 மடங்குக்கு மேல் கனக்க முடியாது என்று 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கணக்குப் போட ஆரம்பித்தவர் நம் விஞ்ஞானி சந்திரசேகர், அப்போது வயது 19. நோபல் பரிசு 1983-இல். அவரும் கடிதத்துக்குப் பதில் வராமல் காத்திருந்தவர் மாதிரிதான்.

திருவாதிரை மாதிரி பெரியவை ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன் என்று ஒவ்வொன்றாக எரித்து இரும்பில் வந்து நிற்கும். இரும்பைச் சேர்த்து எரித்தால் சக்தி கிடைக்காது. வெளியே தள்ள ஆளில்லை, நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழும். மற்றதெல்லாம் வெடித்துச் சிதறும்.

நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களுக்கு 4,200 ஆண்டு வயது என்று 2022-இல் சொன்னார்களே, அந்த இரும்பும் நட்சத்திர வெடிப்புகளில் உண்டானதுதான்.

இதை மறுநாள் ஆசாரியிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் அரிவாளைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டே, "அப்படியா சார்? இது பழைய லாரிப் பட்டை" என்றார்.

சித்திரை கடைசியில் வா. திருவாதிரை பொழுது சாய்ந்ததுமே மேற்கே இறங்கிவிடும், ஆனால் மாம்பழம் இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்