அப்ஸ்காண்ட் ஆனது யாரு?

மச்சான்,

உன் லெட்டர் வந்து நாலு நாளாச்சு, மூட்டுவலி படுத்துது, அதான் லேட்டு. உன் மவனுக்கு கம்பெனியில இருந்து "அப்ஸ்காண்டிங்"னு மெயில் வந்துருக்கு, அப்டின்னா என்னடான்னு கேட்டுருந்த. முப்பது வருஷம் கோர்ட்ல குப்பை கொட்டினவன்கிட்ட போய் இதக் கேட்ட பாரு!

ஓடிப்போயிட்டான்னுதான அர்த்தம்னு நீயே எழுதிருக்க. முழுசா சரியில்ல. லத்தீன்ல அதோட வேருக்கு மறைச்சு வைக்குறதுன்னுதான் அர்த்தம், ஓட்டமெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. பேப்பர்ல தலைமறைவுன்னு போடுறான்ல, அதான் கரெக்ட்டான தமிழ், அதுலயும் கால் எங்கயும் ஓடல, தலைதான் மறையுது. 1881லயே நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிருச்சு, ஆளு ஊர விட்டுப் போனானா இருந்த எடத்துலயே இருந்தானாங்குறது முக்கியமில்ல, ஒளிஞ்சானாங்குறதுதான் பேச்சு. பணத்த சுருட்டிட்டு கம்பி நீட்டுனாலும் இதே வார்த்தைதான், நம்ம தெருவுல அந்த சீட்டுக்காரன் போனானே அப்டி. ஜோடியா ஓடினா மட்டும் வேற வார்த்தை, எலோப்.

இப்ப பாரு, வாரண்ட் போட்டும் சிக்காத கொலைகாரனுக்கே கோர்ட் என்ன பண்ணுது, கோர்ட்ல வந்து ஆஜராகுன்னு பிரகடனம்னு ஒண்ணு போடும், பழைய குற்ற நடைமுறைச் சட்டம் சிஆர்பிசில பிரிவு 82, 2024 ஜூலையில இருந்து புது சட்டத்துல பிரிவு 84. கொறஞ்சது 30 நாள் டைம் குடுத்து, அவன் ஊர்ல நாலு பேர் பாக்குற எடத்துல சத்தமா வாசிச்சு, அவன் வீட்டுல ஒரு காப்பி ஒட்டி, கோர்ட்லயும் ஒண்ணு ஒட்டி, அவ்வளவு சடங்கு இருக்கு, நானே எத்தன டைப் அடிச்சிருக்கேன். உன் மவன் மஞ்சக்காமாலைன்னு மேனேஜருக்கு வாட்ஸப்ல சொல்லிட்டு வீட்ல கீழாநெல்லி குடிச்சிட்டு படுத்துக் கெடந்தவன், அவனுக்கு மூணே நாள்ல இந்தப் பட்டம். இதுல யாருடா ஒளிஞ்சது? ரிப்ளை போடாம இருந்தது அந்த மேனேஜர்தான.

ஒண்ணு தெரியுமா, உன் தேனீக்கும் இங்கிலீஷ்காரன் இதே வார்த்தையதான் வச்சிருக்கான். ராணி பாதி கூட்டத்தோட பிரிஞ்சு போறது இல்ல, அது வேற, பொட்டியவே காலி பண்ணிட்டு மொத்தமா கெளம்புமே, அது. போன வருஷம் மார்த்தாண்டத்துல உன் தோட்டத்துல ரெண்டு பொட்டி அப்டி போனப்ப நீ என்ன பண்ண, எறும்பு ஏறிச்சா, மெழுகுப்பூச்சி விழுந்துச்சா, தீனி இல்லியான்னு பொட்டியதான பொரட்டிப் பாத்த, தேனீய திட்டலயே.

சரி, உன் மவன்கிட்ட டாக்டர் சீட்டு, வாட்ஸப் மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து மெயில்ல பதில் போடச் சொல்லு, "நான் தகவல் சொல்லிட்டுதான் லீவுல இருந்தேன், இந்த வார்த்தைய வாபஸ் வாங்குங்க"ன்னு தேதி போட்டு எழுதணும், போன்ல பேசி விட்டுறக் கூடாது. எழுதுனத எனக்கு ஒருதடவ அனுப்பச் சொல்லு, பாத்துக் குடுக்குறேன்.

அடுத்த மாசம் வரேன். ஒரு பாட்டில் தேன் எடுத்து வைய்யி, எனக்கு சக்கரை இருக்கு, தேன் கேட்டேன்னு உன் தங்கச்சிகிட்ட போட்டுக் குடுத்துறாத.

மாப்ள