குழந்தைகள் காசநோய்க் கண்காணிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் செயற்குழு அதிக நேரம் பேசியது பதிவேட்டில் உள்ள ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. வயதுக் கட்டம். அதில் '15-க்குக் கீழ்' என்று மட்டும் குறித்துவந்தோம். 0–4, 5–14 என இரண்டாகப் பிரித்துப் பதியும்படி உலக சுகாதார நிறுவனம் 2006-லேயே சொல்லிவிட்டது. நாம் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். தாமதத்தில் என் பங்கும் உண்டு.

பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கைக்குழந்தைக்குக் கிருமி தொற்றினால் அது நோயாக மாறும் ஆபத்து பெரியவர்களைவிட மிக அதிகம். மாறினால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாறிவிடும், சில பிள்ளைகளுக்கு மூளையுறையையும் தாக்கும். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறினால், அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் யாரோ ஒரு பெரியவர் சிகிச்சை இல்லாமல் இருமிக்கொண்டிருக்கக்கூடும். உடனே அவரைத் தேட வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு எப்போது தொற்றியது என்று அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. இருவரையும் ஒரே கட்டத்தில் போட்டால் தேடலுக்கான தடயமே போய்விடும்.

மார்ச் 24 கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "பிள்ளைகளிடம் டிபி இப்படிக் கூடுகிறதே?" அவர் கையில் இருந்தது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2012 அறிக்கையில் ஆண்டுக்குச் சுமார் 4.9 லட்சம் குழந்தைகள். 2015 அறிக்கையில் 10 லட்சம். நோய் மூன்றே ஆண்டில் இரட்டிப்பாகவில்லை, கணிக்கும் முறை மாறியது. சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்புவதில்லை, விழுங்கிவிடுகிறார்கள். கிடைக்கும் சளியிலும் கிருமி குறைவு, பெரும்பாலும் நுண்ணோக்கியில் தெரிவதில்லை. அதனால் பல பிள்ளைகள் கணக்கில் வராமலே போகிறார்கள். 2023-இல் நோயுற்ற குழந்தைகள் சுமார் 13 லட்சம் என்பது கணிப்பு. அதில் பாதிக்கு அருகில் எந்தப் பதிவேட்டிலும் வரவில்லை. எனவே நம் எண்ணிக்கை கூடினால் 'பெயர் கெட்டுவிடும்' என்று பயந்தவர்களிடம், கொஞ்ச காலம் கூடட்டும் என்றுதான் சொன்னேன்.

மலத்தை வைத்தே மூலக்கூறு சோதனை (கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) செய்யலாம் என்பதை விளக்கிய அமர்வுக்கு நல்ல வரவேற்பு. மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீர் எடுப்பதைப் பார்த்த தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

சரி, குறைக்கு வருகிறேன். நோயாளியின் வீட்டில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து 'தொடங்கியது' என்று எழுதினோம். முடித்தார்களா என்று எழுத இடமே வைக்கவில்லை. பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. புதிய பதிவேட்டில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு.

பழைய நோட்டுகள் யாரிடமாவது தங்கியிருந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். வயதைத் திருத்திப் பதிய வேண்டும். வரவு செலவை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்