அம்மாவை எங்களுக்குத் திருப்பித் தந்தவர்களுக்கு

அம்மா வீடு திரும்பி இன்றோடு 40 நாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். எனக்கும் இப்போதுதான் எழுதக் கை வருகிறது.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அன்று காலை அம்மா என்னை அப்பா என்று நினைத்துப் பேசினார். அப்பா போய் 6 வருஷம். 74 வயது, தூக்கம் இல்லை, அதனால்தான் என்று இருந்துவிட்டேன். காய்ச்சலும் இல்லை, நீர்க்கடுப்பு என்றும் அவர் சொல்லவில்லை. "நேத்து நல்லா பேசினவங்க ஒரே ராத்திரியில இப்படி ஆனா அது வயசு இல்ல தம்பி. கையைத் தொட்டுப் பாரு, சில்லுனு இருக்கு, மூச்சு வேற வாங்குது" என்று அக்காதான் விரட்டினார். அவர் சொல்லாவிட்டால் மாலை வரை காத்திருந்திருப்பேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சிறுநீர்த் தொற்று செப்சிஸ் ஆகியிருந்தது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் உறுப்புகளையே சிதைக்கும் நிலை. அவசரப் பிரிவு மருத்துவர் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் போட்டார். ஸ்கேனில் ஒரு கல் சிறுநீர்க் குழாயை அடைத்திருந்தது. அதற்கு மேலே சிறுநீரகத்தில் சீழ். அடைப்பை எடுக்காமல் மருந்து மட்டும் காப்பாற்றாது என்று நள்ளிரவில் வந்து, சிறுநீர் இறங்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்த சிறுநீரக அறுவை மருத்துவருக்கு என் வணக்கம்.

ஐசியு செவிலியர்களே, மணிக்கு ஒரு முறை குனிந்து சிறுநீர்ப் பையின் அளவைப் பார்த்தீர்களே! முதல் நாட்களில் மணிக்கு 10 மில்லிகூட இல்லை. மூன்று முறை டயாலிசிஸ். 6ஆம் நாள் விடியற்காலையில் ஒருவர் வெளியே ஓடிவந்து "40 மில்லி சார்" என்றார். அந்தக் குரலை மறக்க மாட்டேன்.

செப்சிஸில் ஒரு கால்விரல் போனது. ஞாபகமும் சில நேரம் தடுமாறுகிறது, அதற்கு மாதங்கள் ஆகலாமாம். தினமும் வந்து அம்மாவை எழுப்பி நிற்க வைக்கும் பிசியோதெரபி தங்கைக்கும் நன்றி.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 18,000க்கு இறங்கி மூக்கில் ரத்தம் கசிந்த இரவில், முகம் தெரியாத இருவர் வந்து கொடுத்துவிட்டுப் போனீர்கள். பெயர் கேட்டேன், ரத்த வங்கியில் சொல்லவில்லை. அம்மா தினமும் உங்களைக் கேட்கிறார். இதைப் படித்தால், ஒரு முறை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.