சொந்த மைதானம் இல்லாத சொந்த அணி

ஆசிரியருக்கு வணக்கம். 2024-ல் நடந்த முதல் சூப்பர் லீக் கேரளா கால்பந்துப் போட்டி பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரிதான் வந்தது, ஆறு அணிகள் விளையாடிய முழு சீசனுக்கு அது போதுமா? நவம்பர் 10-ம் தேதி கோழிக்கோட்டில் ஃபைனல், நானும் கேலரியில்தான் இருந்தேன். 71-வது நிமிடத்தில் கோழிக்கோட்டு அணியான காலிகட்டின் ஹைட்டிக்காரர் பெல்ஃபோர்ட் இரண்டாவது கோலைப் போட்டதும் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கடலைப் பொட்டலத்தை அப்படியே மேலே வீசிவிட்டார், பாதிக் கடலை என் தலையில். எதிரணி ஃபோர்கா கொச்சி கடைசி நேரத்தில் ஒன்று திருப்பிப் போட்டும் காலிகட் 2-1 என்று ஜெயித்தது. சரி, கொண்டாட்டம் இருக்கட்டும்.

அந்த சீசனில் கண்ணூர் அணி தன் 'சொந்த ஊர்' ஆட்டங்களைக் கோழிக்கோட்டில் ஆடியது, திருச்சூர் அணி மஞ்சேரியில். கண்ணூர்க்காரர் தன் அணியைப் பார்க்கவே தொண்ணூறு கிலோமீட்டர் வர வேண்டியிருந்தது என்றால், ஆட்டம் முடிந்து ராத்திரி எந்த வண்டியில் திரும்பியிருப்பார்? அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டத்துக்கு வயலிலேயே மூங்கில் கேலரி கட்டும் ஊர்கள் இவை. இதையும் கொஞ்சம் விசாரித்து எழுதுங்களேன்.

- ஒரு வாசகர், பாலக்காடு