பஸ்பார் சப்போர்ட்டை நீயே பார்

அன்புள்ள கண்ணுக்கு,

பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சேலத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. மீதியை அம்மா சொல்வாள். புதன்கிழமை மாப்பிள்ளை போனில் "அந்தப் பேனல்ல..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று உங்க ஊர் மழைக்குத் தாவிவிட்டார். நானும் துருவவில்லை.

பேனலுக்குள் கரண்ட் ஓடும் செம்புப் பட்டையை, அதுதான் அந்த பஸ்பாரை, பிடித்து நிறுத்தும் சப்போர்ட்டை நீயே பார்க்கிறாயா, சூப்பர்வைசர் சொன்னதை நம்பி டிக் போடுகிறாயா? நான் சப்ஸ்டேஷனில் இருந்தபோது திறந்து பார்த்த ஒரு பேனல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்று ஃபேஸில் ஆர் ஃபேஸ் பட்டைக்கும் ஒய் ஃபேஸ் பட்டைக்கும் ஷார்ட். ஒன்றில் போன கரண்ட் மற்றதில் திரும்ப, இரண்டு செம்புப் பட்டையும் ஒன்றையொன்று தள்ளி வெளிப்பக்கமாக வில்லாக வளைந்து கிடந்தன. அவற்றைத் தாங்கிய சப்போர்ட் இன்சுலேட்டர் போல்ட் ஓட்டையிலிருந்து பிளந்திருந்தது. மேலே போட்ட மஞ்சள் ஸ்லீவ் கருகக்கூட இல்லை. சூடு ஏறுவதற்கு முன்பே விசை தன் வேலையை முடித்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கணக்குதான், இருந்தாலும் எழுதுகிறேன். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு பட்டையிலும் 1000 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 2 நியூட்டன், கால் கிலோ எடைகூட இல்லை. ஷார்ட்டில் உச்சம் 50,000 ஆம்பியருக்குப் போனால் கரண்ட் 50 மடங்கு, விசை 2500 மடங்கு. மீட்டருக்கு 5000 நியூட்டன், அரை டன்! அந்த உச்சம் முதல் 10 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். கரண்ட்டை வெட்டிவிடும் பிரேக்கர் திறக்கும்வரை அது காத்திருக்காது. தாங்க வேண்டியது சப்போர்ட் மட்டும்தான்.

பிளஸ் டூ படிக்கும்போது சிகரெட் பெட்டி வெள்ளித் தாளைக் கீற்றாக வெட்டி, இரண்டைத் தொங்கவிட்டு பேட்டரி கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? கரண்ட் ஒரே திசையில் போனால் நெருங்கின, எதிரெதிராகப் போனால் விலகின. 1820-இல் பாரிஸில் ஆம்பியர் என்ற விஞ்ஞானி காட்டியதை என் மகள் திண்ணையில் காட்டுகிறாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதைப் பார்த்தாலும் ஓடிவந்து என்னிடம் காட்டின பெண், இப்போது ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அப்பா தூங்கட்டும் என்கிறாயாம். காலை பதினோரு மணிக்கு நான் என்றைக்குத் தூங்கினேன்?

டெலிவரி அவசரம் என்று ஒரு சப்போர்ட்டை விட்டுவிட்டு மூடுவார்கள். சப்போர்ட்டுக்கும் சப்போர்ட்டுக்கும் நடுவே இடைவெளி இரட்டித்தால் பட்டையை வளைக்கும் பாடு நான்கு மடங்கு. டேப் வைத்து நீயே அளந்து பார். டிராயிங்கில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால், எவ்வளவு பெரிய மேனேஜர் வந்து நின்றாலும் கையெழுத்துப் போடாதே. பேனலுக்குக் கரண்ட் கொடுத்துச் சார்ஜ் பண்ணும்போது கதவு மூடியிருக்கட்டும். நேர் எதிரே நிற்காதே கண்ணு, ஒதுங்கி நில். போல்ட்டின் இறுக்கத்தை, அதுதான் டார்க்கை, மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல். சப்போர்ட்டை நீயே பார்.

இந்த ஞாயிறு வீடியோவில் கூப்பிடு. அம்மாவிடம் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல். உன் இரண்டு கையையும் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா