கேற்றுத் திறப்பு யாரிடம் இருந்தது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளை நடத்துகின்ற கழகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்கு மைதானங்களைக் கொடுக்கின்ற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கடந்த இறுதிப்போட்டியன்று மழை வந்தபோது என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. உங்களில் பலர் மேடையில் இருந்தீர்கள். மேடைக்குக் கூரை இருந்தது. எங்களுக்கு இருந்தது இரண்டு கேற், அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது.

ரிக்கெற் எடுக்காமல் ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று பின்பக்கக் கேற்றுக்குச் சங்கிலி போட்டிருந்தீர்கள். சரி, போட்டி நடத்தக் காசு வேண்டும், அது விளங்குகிறது. ஆனால் மழை கொட்டத் தொடங்கியதும் அந்தப் பக்கம் நின்ற சனம் முழுக்க அந்தக் கேற்றடிக்குத்தான் ஓடியது. முன்னால் போனவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்குப் பூட்டுத் தெரியவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார்கள். திறப்பு எங்கே என்று கத்தினோம். ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருவரின் பெயரைச் சொன்னார். கடைசியில் தெரிந்தது, திறப்பு வைத்திருந்தவர் வெளியே தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார் என்று. பொடியன்மார் சிலர் மதிலால் பாய்ந்து வெளியே போய்க் கல்லால் பூட்டை உடைத்தார்கள். அந்தப் பொடியன்மாருக்கு நான் சாகும்வரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஏனென்றால் என் தங்கச்சியின் மகன் அந்தக் கேற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஒன்பது வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், நெரிசலில் கை வழுகிவிட்டது. இரண்டு பேருக்கு அப்பால் அவனுடைய தலை தெரிந்தது. நெஞ்சு கம்பிவலையில் அழுந்தியிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வைத்தியசாலையில் வைத்துத்தான் சொன்னான்: "மாமா, உங்களக் கூப்பிட்டன், சத்தம் வரல்ல."

அவன் பிழைத்துவிட்டான். இரண்டு நாள் வாட்டில் இருந்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அன்று அவன் போட்டிருந்த சிவப்பு ஜேர்சியில் கம்பிவலையின் துருக்கறை கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கிறது. தங்கச்சி எத்தனையோ தரம் ஊறவைத்துத் தோய்த்துவிட்டாள், போகவில்லை. முதுகில் 8ஆம் இலக்கமும் ஜெரார்ட் என்ற பெயரும் உள்ள ஜேர்சி. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்து மேலான பைத்தியம் என்னிடமிருந்து அவனுக்குத் தொற்றியது. அந்த ஆட்டக்காரருக்கும் இப்படியொரு நெரிசலுக்கும் இருக்கிற தொடர்பை நான் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட்டுக்கும் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் நுழையும் பக்கத்தில் வாசல்கள் போதாமல் வெளியே கூட்டம் முட்டியது. பொலிஸ் அதிகாரி ஒரு பெரிய கேற்றைத் திறக்கச் சொன்னார். அதால் போனவர்களை, ஏற்கெனவே நிறைந்திருந்த நடுக்கூண்டுகளுக்கு (ரசிகர்கள் நின்று பார்க்க வேலியால் பிரித்த இடங்கள்) போகும் சுரங்கவழி உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது, அங்கே போகும்படி வழிகாட்ட ஒருவரும் நிற்கவில்லை. முன்னால் இரும்புவேலி. மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தை ஆறு நிமிடத்தில் நிறுத்தினார்கள். அந்த நெரிசல் எடுத்த உயிர்கள் 97. கடைசி ஆள் அன்றைய காயங்களின் விளைவாலேயே 2021இல் இறந்தார்.

அவர்களில் ஆகக் குறைந்த வயது பத்து. அந்தப் பையன் ஸ்டீவன் ஜெரார்ட்டின் ஒன்றுவிட்ட சகோதரன். ஜெரார்ட்டுக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பையனின் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்ததுதான் தன்னை ஆட்டக்காரனாக உந்தியது என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். 2005இல் இஸ்தான்புல்லில் மூன்று கோல் பின்னால் நின்று மீண்டு வந்து ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கிய லிவர்பூல் அணித்தலைவர் அவர். 2014 ஏப்ரலில், அந்த அனர்த்தத்தின் 25ஆம் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மன்செஸ்டர் சிட்டியை வென்றதும் மைதானத்தின் நடுவில் நின்று கண்ணைத் துடைத்தார். நாங்கள் தொலைக்காட்சியில் கண்டு கைதட்டும் ஓர் ஆட்டக்காரருக்குப் பின்னால் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான்.

அடுத்த நாள் உங்களில் ஒருவரைச் சந்தித்துக் கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன், வயதில் மூத்தவர். "அதுதான் ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகலியே தம்பி" என்றார். அன்றிலிருந்து இந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

ஐயா, ஹில்ஸ்பரோவிலும் ஒருமுறை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1981இல் அதே மைதானத்தில், அதே பக்கத்தில், இன்னொரு அரையிறுதியில் நெரிசல் வந்தது. 38 பேர் காயப்பட்டார்கள், ஒருவரும் சாகவில்லை. சனத்தை வேலிக்கு இப்பால் மைதானத்துக்குள் எடுத்துவிட்டதால் தப்பினார்கள். அதற்குப் பிறகும் 1979இல் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழ் திருத்தப்படாமலேயே கிடந்தது. எட்டு வருடம் கழித்து என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். கடந்த இறுதிப்போட்டி எங்களுடைய 1981. அதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆட்டம் தொடங்கி, கடைசி ஆள் வெளியே போகும்வரை எந்தக் கேற்றிலும் பூட்டு இருக்கக்கூடாது. ரிக்கெற் பார்க்கவேண்டுமானால் கேற்றில் ஆளைப் போடுங்கள், சங்கிலியைப் போடாதீர்கள். ஆள் போதாது என்றால் எங்களைக் கேளுங்கள். நானே வந்து நிற்கிறேன், முழு ஆட்டமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொன்று. பொடியன்மார் முண்டியடித்ததால்தான் இது நடந்தது என்று ஊரில் கதை போகிறது. அது உங்கள் பக்கமிருந்து வந்த கதை என்றே கேள்விப்பட்டேன். ஹில்ஸ்பரோவிலும் இறந்தவர்கள் மேலும் தப்பியவர்கள் மேலும்தான் பழியைப் போட்டார்கள். குடித்துவிட்டு வந்தார்கள் என்றார்கள், கேற்றை உடைத்தார்கள் என்றார்கள். பொலிசின் கட்டுப்பாடு பிழைத்ததே முக்கிய காரணம் என்று நீதிபதி டெயிலர் விசாரித்துச் சொன்ன பிறகும் அந்தப் பழி முழுக்கத் துடைபடவில்லை. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் குற்றம் இல்லை என்று ஜூரி சொன்னது 2016இல். 27 வருடம் அந்தத் தாய் தகப்பன்மார் அலைந்தார்கள். எங்கள் பிள்ளைகள் மழைக்கு ஓடினார்கள். மழைக்கு எல்லோரும் ஓடுவார்கள்.

1989இல் லிவர்பூலின் முகாமையாளராக இருந்தவர் கெனி டல்கிலிஷ். நெரிசலில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் மரண வீடு மரண வீடாகப் போனார், ஒரே நாளில் நான்கு இடத்துக்குப் போனார். என் மருமகன் வாட்டில் கிடந்த இரண்டு நாளும் உங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. தங்கச்சி அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

மேடைக்கும் பந்தலுக்கும் செலவு இருந்தது. அதிதிகளுக்கு மாலை இருந்தது, பொன்னாடை இருந்தது. ஒலிபெருக்கி நாலு பக்கமும் இருந்தது, அதில் ஒன்றிலாவது "பின்பக்கம் தள்ளாதீர்கள், முன்கேற்றுக்கு வாருங்கள்" என்று ஒரு சொல் வந்ததா? காயப்பட்ட ஆட்டக்காரரைத் தூக்க ஒரு ஸ்ரெச்சர் இல்லை, இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிப் போனார்கள். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்டரும் கிடந்தன. அம்புலன்ஸ் வரவேண்டிய வழியில் மோட்டார் சைக்கிள்களை விட்டிருந்தார்கள். என் மருமகனை ஓட்டோவில்தான் கொண்டுபோனோம். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் உதைபந்தாட்டத்துக்குச் சனம் சேர்வது இன்று நேற்றைய விசயமா? இத்தனை காலம் போட்டி நடத்தியும் சனம் எந்த வழியால் வெளியே போகும் என்று யோசிக்க ஒருவருமில்லையா?

மன்னிக்கவேண்டும், கோபத்தில் கேற்றை விட்டு எங்கேயோ போய்விட்டேன். இதெல்லாம் ஒரே நாளில் திருந்தாது என்று எனக்கும் தெரியும். பணம் தேவைப்படுவதை ஆறுதலாகச் செய்யுங்கள். பூட்டைக் கழற்றப் பணம் தேவையில்லை.

2022 ஒக்டோபரில் இந்தோனேசியாவின் மாலாங்கில், காஞ்சுருஹான் மைதானத்தில் பொலிசார் கண்ணீர்ப்புகை அடித்தபோது சனம் வாசல்களுக்கு ஓடியது. 135 பேர் இறந்தார்கள். அங்கே புகை, இங்கே மழை. சனம் வாசலைத்தான் தேடும்.

அடுத்த சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிவிட்டீர்கள். மருமகன் அதைப் பார்த்துவிட்டுப் போவோமா மாமா என்று கேட்கிறான். தங்கச்சி ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டும். அந்த நோட்டீசில் அதிதிகளின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்: ஆட்டம் நடக்கும்போது எல்லாக் கேற்றும் திறந்திருக்கும், கேற்றுக்குப் பொறுப்பு இன்னார், அவருடைய தொலைபேசி இலக்கம் இது. அந்த ஒரு வரியைத் தயவுசெய்து போடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
பின்பக்கக் கேற்றடியில் நின்ற ஒருவன்,
மட்டக்களப்பு