அது சர்க்கரைப்பாகு, அம்மா

லெஸ்டர், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முதலில் இதை நம்பு. சனிக்கிழமை தம்பிக்கு அனுப்பிய போட்டோவை அவன் நேராக உன்னிடம் நீட்டுவான் என்று நான் நினைக்கவில்லை. நீ திண்ணையில் உட்கார்ந்து அழுததும், எதிர்வீட்டு அத்தை விபூதியோடு ஓடி வந்ததும் பிறகுதான் தெரிந்தது. என் கையில் வழிந்தது சர்க்கரைப்பாகும் சிவப்புக் கலரும். அதில் துளி கோகோ பவுடர் போட்டால்தான் ரத்தம் மாதிரி கருக்கும். இல்லாவிட்டால் ரோஸ்மில்க் ஆகிவிடும். நம் வீடாக இருந்தால் எறும்பு வரிசை கட்டியிருக்கும். தோலைக் கிழித்துக்கொண்டு நின்றதே, அது கழுவிக் காயவைத்த கோழி எலும்பு. ஆச்சியிடம் மட்டும் இதைச் சொல்லாதே.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று சொன்னேன் இல்லையா, எழுபத்தொரு வயது. பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறார்; எனக்கு வாய் வரவில்லை, 'ஹலோ'விலேயே ஓட்டுகிறேன். அவர்தான் கூட்டிப்போனார். முதலுதவி படிக்கிறவர்களுக்கு அடிபட்டவராக நடிக்க ஆள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது. டீயும் பிஸ்கட்டும் உண்டு. வாரம் முழுக்க கிடங்கில் பெட்டி எண்ணுகிறவளுக்கு சனிக்கிழமை வேறு என்ன வேலை?

இங்கே இது பழைய விஷயம். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து ஆட்களை மீட்கப் பழக்கினார்களே, அப்போது 1942-இல் லெதர்ஹெட் என்ற ஊரில் இதற்கென்றே 'கேஷுவல்டீஸ் யூனியன்' என்று ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். பொம்மையை எப்படித் தூக்கினாலும் அது வாய் திறக்காது. காயம்பட்ட காலைத் தப்பாகப் பிடித்தால் 'ஐயோ' என்று கத்த ஓர் ஆள் வேண்டுமே.

நடிப்பு என்றால் சும்மா கத்துவது இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை தருகிறார்கள். வயது, எப்படி அடிபட்டது, எங்கே வலி, சரியாகக் கவனித்தால் எப்படித் தேற வேண்டும், கவனிக்காவிட்டால் எப்படி மோசமாக வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நடிக்கும்போது நிஜமாகவே அடிபட்டுவிட்டால் 'நோ டஃப்' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை கேட்டால் எல்லாரும் அப்படியே நிறுத்திவிடுவார்கள்.

காலையில் கை முறிந்தவள். அடுத்து வலிப்பு. ஒரு பையன் வந்து என் தலைக்கடியில் தன் கோட்டைச் சுருட்டி வைத்தான், நாற்காலியைத் தள்ளிவிட்டான், கடிகாரத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். அழுத்திப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் திணிக்கவில்லை. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 999-இல் போன். நான் கண்ணை மூடிக்கொண்டு நம் தெருவை நினைத்தேன். இந்நேரம் நாலு சாவிக்கொத்து என் கையில் இருந்திருக்கும்.

அப்புறம், கை சுட்டுக்கொண்டால் இட்லி மாவு தடவாதே. பேஸ்ட்டும் வேண்டாம். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டு. தண்ணீர் வீணாகிறது என்று மூன்றாவது நிமிஷம் மூடிவிடுவாய், தெரியும்.

மதியம்தான் முக்கியம். பஸ் விபத்து, ஆறு பேர். எனக்கு வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. முகத்தில் சாம்பல் பூச்சு, நெற்றியில் கிளிசரின் தெளித்து வியர்வை. அட்டையில் எழுதியிருந்தது: 'தாகம். குளிர். யாராவது கேட்டால் மெதுவாகப் பதில் சொல். நீயாகக் கூப்பிடாதே.' சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் காலில் வெட்டுக்காயத்தோடு ஒருவர் கூரை அதிரக் கத்தினார். நாலு பேர் அவரிடம் ஓடினார்கள். ஒரு பெண் என்னிடம் குனிந்து, "ஆர் யூ ஓகே?" என்றாள். தலையாட்டினேன். போய்விட்டாள். ஒன்பது நிமிஷம் யாரும் வரவில்லை. நடிப்புதான், ஆனாலும் ஏழாவது நிமிஷத்தில் எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் பயிற்சியாளர் என்னைக் காட்டி, "நீங்கள் கைவிட்டது இவரைத்தான்" என்றார். "கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே வராதவரிடம் முதலில் போங்கள்."

பஸ்ஸில் திரும்பும்போது உன் ஞாபகம்தான். போன மாசம் நீ குளியலறையில் வழுக்கி விழுந்தது பதினோரு நாள் கழித்துத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு நாளும் நாம் பேசினோம். "சாப்பிட்டியா, அங்க குளிரா" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாய். நானும் "எப்படிம்மா இருக்க" என்று கேட்டேன், "எனக்கென்ன" என்றாய், வைத்துவிட்டேன்.

அடுத்த முறை எனக்குச் சர்க்கரை இறங்கித் தடுமாறுகிறவள் வேஷம். வியர்க்க வேண்டும், கை நடுங்க வேண்டும், உதவ வருகிறவர்மேல் எரிந்து விழ வேண்டும். அப்பா மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கடைக்குப் போன அன்று வந்ததே, அதேதான். அன்றைக்கு அவருக்கு முதலில் என்ன செய்தது, என்ன பேசினார் என்று கேட்டு ஒன்றுவிடாமல் எழுது.

உன் இடுப்பு வலியையும் எழுது. எங்கே பிடிக்கிறது, எதுவரை இறங்குகிறது, உட்கார்ந்து எழும்போதா, படுத்தாலுமா? ஒருநாள் அந்த அட்டையும் எனக்கு வரும்.

உன் அன்பு மகள்